பதிவாகுதா தம்பி?

பேச ஆரம்பித்துப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. பெரியவர் திடீரென்று நிறுத்தி, "பதிவாகுதா தம்பி?" என்றார்.

கீபோர்டில் ஒரு விசையைத் தட்டினேன். ஒன்பது நிமிஷம் நாற்பத்தொரு விநாடி என்று காதுக்குள் ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள், சொன்னது. கடிகாரம் ஓடுகிறது. "ஆகுதுங்க ஐயா, நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க" என்றேன்.

அவரும் சொன்னார். மேடை நாடகத்தில் ஐம்பது வருஷத்தைக் கழித்தவர். தண்ணீர் குடிக்க இரண்டு முறை நிறுத்தியதைத் தவிர, ஒரு மணி நாற்பது நிமிஷம் விடாமல் பேசினார். நடுவில் ஒரு பாட்டை எழுந்து நின்று பாடினார். நாற்காலி பின்னால் இழுபட்ட சத்தத்தை வைத்துத்தான் அவர் எழுந்தது எனக்குத் தெரிந்தது. குரல் மைக்கை விட்டு விலகி மேலே போனது. பரவாயில்லை, எடிட் செய்யும்போது சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

அவரை வழியனுப்பிவிட்டு வந்து ஸ்பேஸைத் தட்டினேன். சத்தம் இல்லை. ஹெட்ஃபோன் கழன்றுவிட்டதோ என்று தடவிப் பார்த்தேன். கழலவில்லை, ஸ்கிரீன் ரீடர் அதே ஹெட்ஃபோனில்தான் பேசிக்கொண்டிருந்தது. முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து, இதில் உச்ச ஒலி அளவு என்ன என்று கேட்டேன். "மைனஸ் இன்ஃப்" என்றது. மைனஸ் இன்ஃபினிட்டியை அது அப்படித்தான் சுருக்கிச் சொல்லும். அதாவது ஒலி துளிகூட இல்லை, ஒரு மணி நாற்பது நிமிஷமும் பூஜ்ஜியம். அமைதியான அறையைப் பதிவு செய்தால்கூட மைக்கின் இரைச்சல் இருக்கும், நாற்காலி முனகும், யாராவது மூச்சு விடுவார்கள். இதில் அதுவும் இல்லை. எண் கணக்காகவே பூஜ்ஜியம்.

காரணத்தைக் கண்டுபிடிக்க அன்று ராத்திரி முழுக்க ஆனது. முந்தின நாள் கணினி ஒரு அப்டேட் போட்டிருக்கிறது. அதில் அந்தப் பதிவு மென்பொருளுக்கு மைக்கைப் பயன்படுத்தக் கொடுத்திருந்த அனுமதி போய்விட்டது. அனுமதி இல்லாத மென்பொருள் ஒலி கேட்டால், இயங்குதளம் பல சமயம் "தர மாட்டேன்" என்று மறுப்பதில்லை. பூஜ்ஜியங்களை வரிசையாக ஊற்றிவிடுகிறது. மென்பொருளும் அதை விசுவாசமாக எழுதி வைத்துக்கொள்கிறது. கடிகாரம் ஓடும், நிலைப்பட்டி "ரெக்கார்டிங்" என்று சொல்லும், கோப்பும் வளரும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரண்டு சேனல் என்றால் விநாடிக்கு 2,88,000 பைட். ஒரு மணி நாற்பது நிமிஷத்துக்கு 1.7 ஜிபிக்கு மேல். கோப்பு அத்தனை கனமாகத்தான் இருந்தது. பூஜ்ஜியத்துக்கும் இடம் வேண்டுமே.

அவர் குரல் ஹெட்ஃபோனில் உனக்குக் கேட்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நன்றாகவே கேட்டது. அங்கேதான் ஏமாந்தேன். மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ்களில் டைரக்ட் மானிட்டரிங் என்று ஒரு வசதி உண்டு. மைக்கில் வருவது கணினிக்குள் போய்ச் சுற்றிவராமல், பெட்டிக்குள்ளேயே திரும்பி ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். தாமதம் இருக்காது என்பதால் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் மைக் பெட்டி வரைக்கும் வேலை செய்கிறது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. பெட்டிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதற்கு அது பொறுப்பில்லை.

பார்வையுள்ள ஒருவர் என் இடத்தில் இருந்திருந்தால் இரண்டாவது விநாடியிலேயே திரையில் கோடு தட்டையாகப் போவதைப் பார்த்திருப்பார். எனக்கு அந்தக் கோடு இல்லை. அந்த மென்பொருளில் எல்லா பட்டனுக்கும் பெயர் இருந்தது, எல்லா மெனுவும் வாசிக்கும், "ஸ்கிரீன் ரீடரோடு முழுமையாக இயங்கும்" என்று அதன் அறிமுகத்திலேயே போட்டிருந்தார்கள். பொய்யும் இல்லை. நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அது சரியாகப் பதில் சொன்னது. நான் கேட்கத் தெரியாமல் விட்ட ஒன்றே ஒன்றைத்தான் அது தானாகச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் அணுகல் வசதி என்பதையும் நம்பகத்தன்மை என்பதையும் இரண்டு விஷயங்களாக என்னால் பார்க்க முடியாமல் போனது.

கொஞ்சம் பின்னால் போகிறேன். நான் பிறவியிலேயே பார்வையற்றவன். ஒலிப்புத்தகம், நேர்காணல் என்று ஒலித்தொகுப்புதான் பிழைப்பு. தொழிலைச் சொன்னதும் எல்லோரும் கேட்கிற கேள்வி, "அந்த அலை அலையா வருமே, அதைப் பார்க்காம எப்படிங்க வெட்டுவீங்க?" என்பது. அடுத்து, "உங்களுக்கெல்லாம் காது ரொம்பக் கூர்மையாமே" என்பார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது. சைக்கிள் ஓட்டுகிறவனுக்குக் கால் பழகுகிற மாதிரி, தினமும் பத்து மணி நேரம் கேட்டால் யாருக்கும் பழகும்.

முதல் கேள்விக்கு ஒரு உதாரணம். பேசுகிறவர்களில் பாதிப் பேருக்கு வாக்கியத்துக்கு ஒரு "வந்து" வரும். "நான் வந்து அப்ப வந்து அங்க வந்து நின்னேன்." இதில் முதல் இரண்டு "வந்து" சும்மா, மூன்றாவது நிஜமாகவே வந்தது, அதை வெட்டினால் பொருள் மாறிவிடும். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இதை ஓடவிட்டு, முதல் "வந்து" தொடங்கும் இடத்தில் இடது சதுர அடைப்புக்குறி விசை, முடியும் இடத்தில் வலது சதுர அடைப்புக்குறி விசை. அவ்வளவுதான், அந்தத் துண்டு தேர்வாகிவிட்டது. நிறுத்திவிட்டு சி விசையைத் தட்டினால், துண்டுக்கு முன்னால் கொஞ்சம், துண்டை விட்டுவிட்டுப் பின்னால் கொஞ்சம் என்று ஓட்டிக் காட்டும். வெட்டினால் எப்படி இருக்கும் என்பதை வெட்டுவதற்கு முன்பே கேட்டுவிடலாம். ஒட்டுப்போட்ட மாதிரி கேட்டால், ஷிஃப்டோடு அம்புக்குறியை வைத்து விளிம்பை நகர்த்திவிட்டு மறுபடி சி. மூச்சுக்கு முன்னால் வெட்டுவதா, பின்னால் வெட்டுவதா என்பதும் இப்படித்தான் முடிவாகும். திருப்தியானதும் இசட் தட்டினால் விளிம்புகள் அலை பூஜ்ஜியத்தைக் கடக்கும் இடத்தில் போய் உட்காரும், டிக் சத்தம் வராது. பிறகு டெலீட். என் நண்பன் ஒருவன் மவுஸால் அலையைப் பார்த்து வெட்டுவான். இருவரும் ஒரே கோப்பை எடுத்துக்கொண்டு ஒருமுறை போட்டி போட்டோம். யார் ஜெயித்தது என்று சொன்னால் தற்பெருமை ஆகிவிடும், விடுங்கள்.

இந்தச் சுகம் எல்லா மென்பொருளிலும் கிடைக்காது. 1989இல், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்காக ஜாஸ் என்ற ஸ்கிரீன் ரீடர் வந்த காலத்தில் திரை முழுக்க எழுத்துதான். எழுத்தை எடுத்துப் படித்தால் போதும். ஜன்னலும் ஐகானும் வந்த பிறகு திரையில் இருப்பது வெறும் புள்ளிகள். அந்தப் புள்ளிக் கூட்டம் ஒரு பட்டன், அதன் பெயர் இது, இப்போது அது அழுந்தியிருக்கிறது என்று மென்பொருளே தனியாகச் சொன்னால்தான் ஸ்கிரீன் ரீடருக்குத் தெரியும். இதற்காக மைக்ரோசாஃப்ட் 1997இல் ஆக்டிவ் ஆக்ஸசிபிலிட்டி என்றொரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பிறகு யூஐ ஆட்டோமேஷன் வந்தது. இயங்குதளம் தருகிற சாதாரணப் பட்டனை ஒரு மென்பொருள் அப்படியே பயன்படுத்தினால் இதெல்லாம் பெரும்பாலும் தானாகவே நடக்கும். ஆனால் ஒலி மென்பொருள்காரர்களுக்குச் சாதாரணப் பட்டன் பிடிக்காது. பித்தளைக் குமிழ், மரச்சட்டம், ஊசி ஆடும் மீட்டர் என்று பழைய ஸ்டூடியோவையே திரையில் வரைந்துவிடுவார்கள். வரைந்தது படம். படத்துக்கு வாய் கிடையாது. டேப் விசையைத் தட்டிக்கொண்டே போனால் "பட்டன், பட்டன், பட்டன்" என்று வரும். சிலதில் அதுகூட வராது, ஒரே ஒரு காலி ஜன்னல்தான்.

ஒலி மென்பொருளுக்குள் சேர்த்துப் போடும் குட்டி மென்பொருள்களான பிளகின்கள் விஷயத்தில் இது ரொம்ப நாள் வியாதி. ஏராளமான பிளகின்கள் ஜூஸ் என்ற ஒரே சட்டகத்தை வைத்துக் கட்டப்பட்டவை. அந்தச் சட்டகத்திலேயே ஸ்கிரீன் ரீடர் ஆதரவு வந்தது 2021இல், அதன் 6.1 பதிப்பில்தான். அதற்கு முன்னால் தனியொரு நிரலாளர் நல்லவராக இருந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது. அடித்தளமே ஊமை.

எதிர்ப்பக்கத்தில் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் இருக்கிறது. அதன் ஒவ்வொரு செயலுக்கும் நாம் விரும்பிய விசையைக் கொடுத்துக்கொள்ளலாம். பிளகினின் அலங்கார ஜன்னலை ஒதுக்கிவிட்டு, அதன் அளவைகளை மட்டும் சாதா ஸ்லைடர்களாக வாங்கிக்கொள்ளலாம். மேலே ஒசாரா என்ற இலவச நீட்சியைப் போட்டால், எந்த டிராக்கில் இருக்கிறோம், எது பதிவுக்குத் தயாராக இருக்கிறது, கர்சர் எங்கே நிற்கிறது என்பதையெல்லாம் பேசும். 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடரைக் கட்டியவர்களில் ஒருவரேதான் ஒசாராவையும் ஆரம்பித்தவர். வீட்டைக் கட்டியவனே அதில் குடியும் இருக்கிறான் என்பது பயன்படுத்தும்போது தெரியும். தேவையில்லாத இடத்தில் அது வாய் திறக்காது.

அந்தக் கடைசி விஷயம் சாதாரணமானதல்ல. பார்வையற்ற ஒருவர் பதிவு செய்யும்போது ஒரே காதுக்கு இரண்டு வேலை. உள்ளே வரும் ஒலியையும் கேட்க வேண்டும், கணினி சொல்வதையும் கேட்க வேண்டும். ஆரம்ப காலத்தில் ஒரு சிறுகதை வாசிப்பைப் பதிவு செய்தேன். கதையில் நள்ளிரவு, காடு, ஒருத்தி தனியாக நடந்து போகிறாள். வாசித்தவர் உயிரைக் கொடுத்து வாசித்தார். திரும்பக் கேட்டால், காட்டுக்குள்ளிருந்து என் ஸ்கிரீன் ரீடர், "புதிய மின்னஞ்சல் ஒன்று" என்கிறது. இன்டர்ஃபேஸில் லூப்பேக் என்ற வசதி என் கவனத்துக்கு வராமலே இயங்கிக்கொண்டிருந்திருக்கிறது. கணினி எழுப்பும் சத்தமெல்லாம் மைக்கோடு கலந்து உள்ளே போயிருக்கிறது.

இதற்கு நேர்மாறும் நடந்திருக்கிறது. ரெக்கார்டை அழுத்தினேன், ஸ்கிரீன் ரீடர் ஊமையாகிவிட்டது. சில மென்பொருள்கள் ஒலிக்கருவியை வேறு யாரும் தொடக்கூடாது என்று மொத்தமாகப் பிடித்துக்கொள்ளும். அந்த வேறு யாரோவில் நம் ஸ்கிரீன் ரீடரும் அடக்கம். பதிவு ஓடுகிறதா, நின்றுவிட்டதா, கணினியே உறைந்துவிட்டதா, ஒன்றும் தெரியாது. கண்ணைக் கட்டி வண்டி ஓட்டச் சொன்ன மாதிரி என்று எழுத வந்தேன். என் விஷயத்தில் அது உவமையாகவே நிற்காது. அன்றிலிருந்து ஸ்கிரீன் ரீடருக்கென்று தனியாக ஒரு குட்டி யூஎஸ்பி ஒலிக்கருவி வைத்திருக்கிறேன். என்விடிஏவில் எந்தக் கருவி வழியாகப் பேச வேண்டும் என்று தேர்ந்தெடுத்துவிடலாம். அதிலிருந்து ஒரு சின்ன இயர்ஃபோன் இடக்காதுக்கு. அதற்கு மேலே பெரிய ஹெட்ஃபோன். பார்ப்பதற்கு எப்படி இருக்குமோ, அது என் கவலை இல்லை.

என்விடிஏவே இப்போது இதற்கெல்லாம் வழி வைத்திருக்கிறது. 2024.1 பதிப்பில், கேட்டால் மட்டும் பேசும் முறை ஒன்று வந்தது. சும்மா இருக்கும்போது வாய் திறக்காது, நாம் விசை தட்டிக் கேட்டால் பதில் சொல்லும். 2024.2இல் தன் குரலை ஒரு காதுக்கும் மற்ற மென்பொருள்களின் சத்தத்தை மறு காதுக்கும் பிரித்துவிடும் வசதி வந்தது. பதிவுக்கு அருமை. ஸ்டீரியோவாக எடிட் செய்யும்போது மட்டும் அதை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இடம் வலம் தெரியாது.

சரி, நம்பகத்தன்மைக்கு வருகிறேன்.

ஒலி கணினிக்குள் சொட்டுச் சொட்டாக வருவதில்லை, வாளி வாளியாக வருகிறது. வாளிக்குப் பெயர் பஃபர். 512 சாம்பிள், அதாவது ஒலியின் 512 அளவீடுகள், கொள்ளும் வாளி, 48 கிலோஹெர்ட்ஸில் பத்தே முக்கால் மில்லிவிநாடிக்குள் நிரம்பிவிடும். அதற்குள் மென்பொருள் வந்து அதை எடுத்துக் காலி செய்யாவிட்டால் அடுத்து வருவது சிந்திவிடும். கணினி வேறு எதிலோ மும்முரமாக இருந்தால் இப்படி நடக்கும். ஸ்கிரீன் ரீடர் பேசுவதும் கணினிக்கு ஒரு வேலைதான் என்பதை நாங்கள் மறக்க முடியாது. ஒரு வாளி சிந்தினால் சின்ன டிக் சத்தம். நாலைந்து சேர்ந்து சிந்தினால் டிக் இல்லாமலேகூட ஒட்டிக்கொண்டுவிடும், ஆனால் சொல் மாறும். "பாட்டு" என்று சொன்னது "பாடு" மாதிரி கேட்கும். நமக்கு இரட்டிப்பு என்பது அந்த இடத்தில் நாக்கு நிற்கும் நேரம்தானே. நேரம் தொலைந்தால் ஒற்றும் தொலைந்துவிடும். ஒரு முறை முழு ஒலிப்புத்தகத்தையும் கேட்டுவிட்டு, வாசித்த அம்மாவிடம் "ஒற்றெல்லாம் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். தமிழாசிரியையாக இருந்தவர். பிழை அவருடையதல்ல, என் பஃபருடையது என்று தெரிந்ததும் மன்னிப்புக் கேட்கப் போனேன். "நாப்பது வருஷமா நான்தான்ப்பா மத்தவங்களுக்கு இதைச் சொல்லிட்டிருந்தேன்" என்று சிரித்தார்.

இந்த வகைத் தவறு திரையில் பார்க்கிறவருக்கும் தெரியாது. ஒரு மணி நேர அலையில் ஐம்பது மில்லிவிநாடி எந்தக் கண்ணுக்குத் தெரியும்? அதனால்தான் ஆடாசிட்டி செய்வது எனக்குப் பிடித்திருக்கிறது. பதிவில் இப்படி விட்டுப்போன இடங்களை அதுவே கண்டுபிடித்து, அங்கங்கே லேபிள் வைத்துவிடும். லேபிள் என்பது எழுத்து. பார்வையுள்ளவர் பார்ப்பார், நான் கேட்பேன். யாருக்காகவும் தனியாகச் செய்யவில்லை, ஆனால் இருவருக்கும் ஆகிறது.

அடுத்தது கோப்பு. வேவ் வடிவத்தில் கோப்பின் தலைப்பகுதியில், பெரும்பாலும் முதல் 44 பைட்டில், உள்ளே எவ்வளவு ஒலி இருக்கிறது என்ற கணக்கு இருக்கும். பதிவு முடிந்த பிறகுதான் கணக்குத் தெரியும் என்பதால், பல மென்பொருள்கள் கடைசியில் திரும்பி வந்து அதை எழுதும். நடுவில் கணினி செத்துவிட்டால் தலையில் பூஜ்ஜியம், உடம்பில் ஒலி. திறக்கப் போனால் "காலிக் கோப்பு" என்று சொல்லிவிடும். அந்தக் கணக்கை எழுதும் இடத்துக்கு ஒரு எல்லையும் உண்டு, 4 ஜிபி. நான் சொன்ன 48க்கு 24 ஸ்டீரியோவில் அது நாலு மணி நேரம் எட்டு நிமிஷம். நாள் முழுக்க நடக்கிற கருத்தரங்கை ஒரே கோப்பாகப் பதிவு செய்பவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. ஆர்எஃப்64, டபிள்யூ64 என்ற வடிவங்கள் இதற்காகவே வந்தவை.

எனக்கு ஒரு முறை இரண்டரை மணி நேரப் பதிவு அப்படித் தலை போய்க் கிடைத்தது. என்ன செய்தேன் என்றால், ஆடாசிட்டியின் இம்போர்ட் ரா வழியாக, இது ஒலிக்கோப்பு என்பதையே மறந்துவிட்டு வெறும் பைட்டுகளாகத் திறந்தேன். அப்போது எத்தனை பிட், எத்தனை சேனல், எந்த பைட்டிலிருந்து ஆரம்பம் என்று நாம்தான் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் காது சொல்லிவிடும், அதுவும் கடுமையாக. முதலில் 16 பிட் என்றேன். சுழல்காற்று. ஹெட்ஃபோனைப் பிடுங்கி வீசாத குறை. ஒலியளவைக் குறைத்துக்கொண்டு 24 பிட் என்றேன். இன்னும் சுழல்காற்றுதான். பிறகுதான் உறைத்தது. 24 பிட்டுக்கு மூன்று மூன்று பைட்டாக எண்ண வேண்டும். 44 என்பது மூன்றால் வகுபடாது. தலையைத் தாண்டாமல் முதல் பைட்டிலிருந்தே எண்ணியதால் ஒவ்வொரு மூன்றும் இடம் தவறி, ஒன்றின் வாலும் இன்னொன்றின் தலையுமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. 44 பைட்டைத் தாண்டச் சொன்னேன். இந்த முறை ஆள் குரல். ஆனால் கரடி பேசுகிற மாதிரி, பாதி வேகத்தில், அடித்தொண்டையில். அப்பாடா என்று இருந்தது, ஏனென்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இரண்டு சேனலை ஒன்றாக நினைத்து வரிசையாக வாசித்துக்கொண்டிருக்கிறது. ஸ்டீரியோ என்று மாற்றினேன். "எல்லாருக்கும் வணக்கம்" என்றது இரண்டரை மணி நேரப் பதிவு. கடைசி சில விநாடிகள் மட்டும் இல்லை. இந்த வேலையில் கண்ணுக்கு ஒரு பங்கும் கிடையாது என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு அற்ப சந்தோஷம்.

ஆக, செத்த கோப்பைக்கூட எழுப்பிவிடலாம். எழுப்ப முடியாதது பூஜ்ஜியம் எழுதிய கோப்புதான். அதனால் எனக்குப் பயம் கிராஷைப் பார்த்து இல்லை. கிராஷ் ஆனால் ஏதோ ஒரு விதத்தில் தெரிந்துவிடும். எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டே ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் பயம்.

இதற்கு இன்னும் சில உருவங்கள் உண்டு. யூஎஸ்பி வயர் ஒரு நொடி ஆடியது, மென்பொருள் "கருவி துண்டிக்கப்பட்டது" என்று ஒரு பெட்டியைத் திறந்து காத்திருந்தது. ஆனால் ஃபோகஸை, அதாவது விசை தட்டினால் போய்ச் சேரும் இடத்தை, அந்தப் பெட்டிக்கு மாற்றவில்லை. ஃபோகஸ் போகாத இடத்தை ஸ்கிரீன் ரீடர் பெரும்பாலும் தானாக வாசிக்காது. ஐம்பது நிமிஷம் கழித்து வேறு எதற்கோ ஆல்ட் டேப் தட்டியபோதுதான் அந்தப் பெட்டி பேசியது. இன்னொன்று கைக்கு அடக்கமான ரெக்கார்டர். சிலவற்றில் ரெக்கார்ட் பட்டனை ஒரு முறை அழுத்தினால் தயார்நிலை, சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியும். இன்னொரு முறை அழுத்தினால்தான் பதிவு, விளக்கு நிலையாக எரியும். இரண்டுக்கும் விரலில் ஒரே டிக். எனக்குத் தெரிந்த பார்வையற்ற பதிவாளர்களில் இந்த இடத்தில் விழாதவர் எவரும் இல்லை. 2024இல் ஸூம் நிறுவனம் (வீடியோ அழைப்பு ஸூம் இல்லை, ரெக்கார்டர் செய்கிற ஸூம்) எசென்ஷியல் வரிசையில் மெனுவைக் குரலில் சொல்லும் ரெக்கார்டர்களைக் கொண்டுவந்தது. அவை 32 பிட் ஃப்ளோட்டில் பதிவு செய்வதால் கெயினை, அதாவது மைக்கிலிருந்து வரும் ஒலியின் அளவை, பார்த்துப் பார்த்துத் திருக வேண்டியதும் இல்லை. மைக் தாங்குகிற வரை, சத்தம் அதிகமானாலும் பிறகு இறக்கிக்கொள்ளலாம். மீட்டரைப் பார்க்க முடியாதவனுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று விளம்பரத்தில் எழுதியிருக்க மாட்டார்கள்.

மென்பொருள் எழுதுகிறவர்களோடு நான் அவ்வப்போது மடல் பரிமாறுவேன். பெரும்பாலும் நல்லவர்கள். "ரெக்கார்ட் பட்டனுக்கு இப்போது பெயர் வைத்துவிட்டோம், அழுந்தியிருக்கிறதா என்றும் சொல்லும்" என்பார்கள். நன்றி சொல்வேன். பிறகு மெதுவாக, பட்டன் அழுந்தியிருப்பது பட்டனைப் பற்றிய செய்தி என்று ஆரம்பிப்பேன். எனக்கு வேண்டியது ஒலியைப் பற்றிய செய்தி. பதிவு ஓடும்போது இருபது விநாடி முழுப் பூஜ்ஜியமாக வந்தால் ஒரு சின்ன மணி அடிக்கட்டும். வானொலி நிலையங்களில் ஒலிபரப்பு ஊமையானால் கத்துகிற கருவி பல காலமாக இருக்கிறது, கேட்பது புதுசில்லை. ஒசாராவில் பீக் வாட்சர் என்று ஒன்று இருக்கிறது, ஒலி நாம் வைத்த அளவைத் தாண்டினால் சொல்லும். எனக்கு அதன் மறுபக்கமும் வேண்டும். இதைப் பார்வையற்றவர்களுக்கான சலுகையாகச் செய்ய வேண்டியதில்லை. மீட்டரை ஒரு மணி நாற்பது நிமிஷம் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிற ஒலிப்பதிவாளரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

அந்த மணி எல்லா இடத்திலும் வருகிற வரைக்கும் என் வழி ஒன்று இருக்கிறது. டைரக்ட் மானிட்டரிங்கை அணைத்துவிடுகிறேன். கணினிக்குள் போய்த் திரும்பி வருவதைத்தான் கேட்கிறேன். கொஞ்சம் தாமதமாக வரும், பரவாயில்லை. தொடங்குவதற்கு முன் பத்து விநாடி பதிவு செய்து, நிறுத்தி, சேமித்து, மென்பொருளை மூடி, கோப்பை மறுபடி திறந்து கேட்கிறேன். மேஜையில் இன்னொரு ரெக்கார்டர் தனி பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். இவ்வளவுக்கும் ஏழெட்டு நிமிஷம் ஆகும். எதிரில் இருப்பவர் பொறுமை இழப்பார். இழக்கட்டும்.

நாடகக்காரப் பெரியவரிடம் உண்மையைச் சொல்லப் பத்து நாள் ஆனது. போனில் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அதனாலென்ன, மறுநாள் ஆட்டம் போட்டதில்லையா நாங்க. எப்ப வரணும்?" என்றார்.

வந்தார். உட்கார வைத்து, பத்து விநாடி ஏதாவது பேசச் சொன்னேன். நிறுத்தி, சேமித்து, மூடி, திறந்து, ஹெட்ஃபோனைக் கழற்றி அவர் தலையில் மாட்டிவிட்டு ஸ்பேஸைத் தட்டினேன். தன் குரலைக் கேட்டு "ம்ம்" என்றார். "கட்டையாயிடுச்சே" என்றார். ஹெட்ஃபோனைத் திருப்பித் தந்தார்.

இந்த முறை ஒரு மணி பத்து நிமிஷம்தான் பேசினார். போன தடவை சொன்ன சிலவற்றைச் சொல்லவில்லை, சொல்லாத சிலவற்றைச் சொன்னார். "பதிவாகுதா தம்பி?" என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. பாட்டு வந்தது. நாற்காலி நகரும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். உட்கார்ந்தபடியே பாடி முடித்தார்.